பன்னிச் சறுக்கில் பச்சை வண்டி

நவம்பர் 28, வியாழன்

அம்மா தூங்கியதும் எழுதுகிறேன். விளக்கைப் போட்டால் பக்கத்து லைன் வீட்டுக்குத் தெரியும். அண்ணனுடைய போன் வெளிச்சம் போதும். திரை முழுக்க விரிசல். திங்கட்கிழமை அது அவன் சட்டைப் பையில்தான் இருந்தது.

எங்கள் எஸ்டேட்டில் மேல்காட்டுக் காப்பிப் பழத்தைக் காயப்போடும் களத்துக்கு இறக்க ஒரே வழிதான் உண்டு. அதன் பெயர் பன்னிச் சறுக்கு. ஜீப் இறங்காது. அதற்காக நிரஞ்சன் சார் இரண்டு டர்ட் பைக் வாங்கினார், ஒன்று சிவப்பு, ஒன்று பச்சை. ஆல் வீல் டிரைவ் என்று அவர் சொல்வார். லைனில் எல்லோரும் ரெட்டை இழுப்பு என்பார்கள். சாதாரண பைக்கில் பின் சக்கரம் மட்டும் இழுக்கும். இதில் முன் சக்கரமும் சேர்ந்து இழுக்கும். அண்ணன் ஜெகா சிவப்பு வண்டியில் இரண்டு வருடமாக மூட்டை இறக்கினான்.

திங்கட்கிழமை பாதிச் சரிவில் முன் செயின் அறுந்து சக்கரத்தில் சிக்கியது. வண்டி அவனைத் தூக்கிப் பாறையில் எறிந்துவிட்டு, மூட்டையோடு அவன் மேலேயே விழுந்தது. தொடை எலும்பு இரண்டு இடத்தில் முறிவு. அப்பா திண்டுக்கல் ஆஸ்பத்திரியில் அவனுடன் இருக்கிறார்.

இன்று சாயங்காலம் நிரஞ்சன் சார் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தார். அவர் பெரிய முதலாளியின் மருமகன், கோயம்புத்தூர்க்காரர். கல்யாணமானதிலிருந்து எஸ்டேட்டை அவர்தான் பார்க்கிறார். உள்ளே வரவில்லை. ஜெகா குடித்திருந்தான், தூக்கினவர்களுக்கு வாடை அடித்திருக்கிறது, வண்டியைப் பிரித்து மாட்டியதும் அவன்தான், நான் என்ன செய்ய முடியும் என்று அம்மாவிடம் சொன்னார். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். அண்ணன் பீர் பாட்டிலைக்கூடத் தொட்டதில்லை. அம்மாவுக்கு அது தெரியும். சொல்லத்தான் வாய் வரவில்லை.

போகும்போது என் பக்கம் திரும்பினார்.

"ஞாயித்துக்கிழமை ஷெட் பக்கம் வந்தியா கண்ணு?"

இல்லை சார் என்றேன்.

"நல்ல பொண்ணு."

ஞாயிற்றுக்கிழமை நான் ஷெட்டுக்குப் போகவில்லை. அவரிடம் அப்படித்தான் சொன்னேன். இங்கேயும் அப்படியே எழுதி வைக்கிறேன்.

நவம்பர் 30, சனி

காலையில் தண்ணீர் பிடித்தேன். வேதியியல் ரெக்கார்டு முடிக்கவில்லை. பழம் பறிக்கப் போன அம்மாவுக்கு மத்தியானச் சோறு கொண்டுபோனேன். பறிக்கிற பெண்கள் என்னைக் கண்டதும் பேச்சை நிறுத்தினார்கள்.

இந்த எஸ்டேட்டில் ஒரு வழக்கம் உண்டு. வண்டியில் யார் கை வைத்தாலும் அவர்தான் அதை முதலில் சரிவில் இறக்க வேண்டும். ரிப்பேர் செய்தவன் மேலே நின்றுகொண்டு இன்னொருத்தனை இறக்கிவிடக் கூடாது. ஜீப் கீழ்ப்பாதையில் ஓடிய காலத்திலேயே வந்த வழக்கம். பெரிய முதலாளியே ஒருமுறை பிரேக் கட்டை மாற்றிவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தானே ஜீப்பை இறக்கியிருக்கிறார். அப்பா அதைக் கல்யாணக் கதை மாதிரிச் சொல்வார்.

இப்போது அந்த வழக்கமே அண்ணனுக்கு எதிராகச் சாட்சி சொல்கிறது. திங்கட்கிழமை முதலில் இறங்கினது ஜெகாதானே, அப்படியென்றால் கை வைத்ததும் அவன்தான் என்று எல்லோரும் பேசிக்கொள்கிறார்கள். இங்கே யாரும் அந்த வழக்கத்தை மீறினதில்லை. மீறுவார்கள் என்று யாருக்கும் தோன்றவும் இல்லை.

டிசம்பர் 3, செவ்வாய்

அண்ணனை ஜீப்பில் கொண்டுவந்தார்கள். காலுக்குள் கம்பி வைத்திருக்கிறது. கட்டிலில் படுக்கவைக்கும்போது அவன் கத்தவில்லை. என் கையைப் பிடித்திருந்தான். இன்னும் வலிக்கிறது. வலிக்கட்டும்.

பழம் பறிப்பு முடிந்ததும் தை கடைசியில் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று பெரிய முதலாளி சொல்லியனுப்பியிருக்கிறார். குடித்துவிட்டு வண்டி எடுப்பவனுக்கு எஸ்டேட்டில் இடம் இல்லையாம். அப்பா களத்தில் டிராக்டர் ஓட்டுகிறார். பதினெட்டு வயதில் இந்த எஸ்டேட்டுக்கு வந்தவர். வேறு எங்கே போவது என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

"நான் செயின் பக்கமே போகல பாப்பா" என்று அண்ணன் என்னிடம் சொன்னான். "சனிக்கிழம லேசா சத்தம் வந்துச்சு. ஞாயித்துக்கிழம வத்தலக்குண்டு போய்ப் புதுச் செயின் தேடினேன், கிடைக்கல. திங்கக்கிழம பார்த்தா சத்தமே இல்ல. சரி, சேறு பிடிச்சிருந்திருக்கும், உதிர்ந்திருச்சுன்னு நெனச்சு எறக்கிட்டேன்."

சோறு போடும்போது அப்பா தலை குனிந்துகொண்டு ஒரே ஒரு தடவை கேட்டார். "லேசாக் கூடக் குடிக்கலையே?"

அண்ணன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். அந்தக் காலோடு எப்படித் திரும்பினான் என்று தெரியவில்லை.

டிசம்பர் 5, வியாழன்

போனேன்.

ஞாயிற்றுக்கிழமை ஷெட்டுக்குப் போனேன். அண்ணன் வத்தலக்குண்டிலிருந்து திரும்பியிருப்பான் என்று நினைத்து டிபன் கேரியர் எடுத்துக்கொண்டு போனேன். அவன் வந்திருக்கவில்லை. நிரஞ்சன் சார் சிவப்பு வண்டியின் முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் போனைச் சாய்த்து வைத்து வீடியோ ஓடவிட்டிருந்தார். முன் செயின் அவர் மடியில் கிடந்தது. ஒரு கண்ணியை எடுத்துவிட்டுப் புதுசாக ஒன்றைப் போட்டுக்கொண்டிருந்தார். மூக்கில் கிரீஸ். ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் சிரித்தார்.

"உங்கண்ணன்கிட்டச் சொல்லிப்போடாத கண்ணு. நான் கை வெச்சேன்னு தெரிஞ்சா என்னையே எறங்கச் சொல்லுவான்."

நானும் சிரித்தேன். அவர் வேடிக்கையாகச் சொல்கிறார் என்று நினைத்துத்தான் சிரித்தேன். டிபன் கேரியரைத் திரும்ப எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அந்தச் சிரிப்பு இப்போது என் வாயில் ஈயம் மாதிரி இருக்கிறது. அதை அவரிடமே திருப்பிக் கொடுக்க வேண்டும்.

டிசம்பர் 7, சனி

நிரஞ்சன் சார் ஆபீஸுக்கு வரச் சொல்லி ஆள் அனுப்பினார்.  அம்மா கூட வருகிறேன் என்றாள். வேண்டாம் என்றேன்.

மேசையில் பெரிய அட்டையும் வண்ணப் பேனாக்களும் இருந்தன. அவர் இந்த வண்டிகளுக்கு ஏஜென்சி எடுக்கப் போகிறாராம். 22ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை சுற்றுவட்டார எஸ்டேட்காரர்கள் எல்லோரும் பார்க்க வருகிறார்கள். அவரே பச்சை வண்டியில் மூட்டையோடு பன்னிச் சறுக்கில் இறங்கிக் காட்டப் போகிறார். வண்டியின் நிறை குறைகளைத் தமிழில் அழகாக எழுதித் தர வேண்டும். பள்ளிக்கூடத்தில் என் கையெழுத்துதான் நன்றாக இருக்கும் என்று கேள்விப்பட்டாராம்.

அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். நிறைகள்: இரண்டு சக்கரமும் இழுப்பதால் ஈரத் தழையிலும் சேற்றிலும் வழுக்காது. நடக்கிற வேகத்தில் மேடு ஏறும். விழுந்து கிடக்கும் மரத்தைத் தாண்டும். டயர் அகலம், காற்று குறைவு, அதனால் காப்பி வேரை மிதித்துக் கெடுக்காது. இறக்கத்தில் பிரேக்கே வேண்டாம், முதல் கியரில் இஞ்சினே இரண்டு சக்கரத்தையும் பிடித்துக்கொள்ளும்.

எல்லாம் உண்மைதான். அதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது.

குறைகள் என்று தலைப்புப் போட்டுவிட்டுக் காத்திருந்தேன். அவர் மோவாயைத் தடவினார். "எடை கொஞ்சம் அதிகம். வேகம் கொஞ்சம் குறைவு. போதும் கண்ணு, குறையெல்லாம் எதுக்கு நிறைய?"

கிளம்பும்போது அப்பாவைப் பற்றி விசாரித்தார். டிராக்டருக்கு வேறு ஆள் தேடினால் கிடைக்காமல் போகாது, ஆனால் பழகினவரை விட மனசு வரவில்லை என்றார். புரிந்தது. தலையாட்டினேன்.

டிசம்பர் 8, ஞாயிறு

அண்ணனிடம் அட்டையைப் பற்றிச் சொன்னேன். விழுந்த பிறகு அவன் முதல்முறையாகச் சிரித்தான்.

"குறை ரெண்டே ரெண்டுதானா? எழுதிக்க. சேத்துல சாஞ்சா ஒத்த ஆளால தூக்க முடியாது. முன்னாடி ஸ்பிரிங் கெடையாது, சாயங்காலம் சோத்த அள்ளினா கை நடுங்கும். வளைவுல ஆக்சிலேட்டர முறுக்கினேன்னு வெச்சுக்க, முன் சக்கரம் நீ திருப்புற பக்கம் வராது, அது போற போக்குல உன்னய இழுத்துட்டுப் போயிரும். வளையும்போது கைய விட்டுரணும். சாமான் ஒண்ணு போச்சுன்னா திண்டுக்கல்ல கெடைக்காது."

இன்னொன்றும் சொன்னான். அதை மட்டும் மெதுவாகச் சொன்னான். ஒரு சக்கரம் வழுக்கும்போது மற்றது இழுத்துவிடுவதால் தரை கெட்டுவிட்டது என்பது ஓட்டுகிறவனுக்குத் தெரிவதில்லை. சாதாரண வண்டி முதல் சேற்றிலேயே நின்று எச்சரித்துவிடும். இது கொண்டுபோய் நடுச் சரிவில் விடும்.

செயின் எப்படி அறும் என்று கேட்டேன். ஏதோ பாடத்துக்குக் கேட்கிற மாதிரிக் கேட்டேன். செயினின் இரண்டு முனையையும் சேர்க்கிற கண்ணியின் மேல் ஒரு சின்னத் தகடு மாட்டுவார்களாம். அதற்கு லாக் என்று பெயர். சுவரில் விரலால் வரைந்து காட்டினான். மீன் மாதிரி இருக்கும். ஒரு பக்கம் மூடிய தலை, மறுபக்கம் பிளந்த வால். செயின் எந்தப் பக்கம் ஓடுகிறதோ அந்தப் பக்கம் தலை பார்க்க வேண்டும். மாற்றி மாட்டினால் கிளையோ கல்லோ உரசும்போது வால் வழியாகக் கழன்றுவிடும். கழன்றால் செயின் போச்சு.

"எல்லா மெக்கானிக்கும் ஒரே பாட்டுத்தான் பாடுவாங்க, தலை ஹெட்லைட்டப் பார்க்கணும்னு. பின் செயினுக்கு அது சரி, அது படுத்திருக்கிற செயின், மேல் வரிசை முன்னாடி ஓடும். முன் செயின் ஹேண்டில் கழுத்துலருந்து சக்கரத்துக்கு நிக்கிற செயின். முன்னால நமக்குத் தெரியற வரிசை கீழ எறங்கும், பின்னால உள்ளது மேல ஏறும். லைட்டு நேர் மேல இருக்கா, லைட்டப் பார்த்து மாட்டினா தலைகீழாப் போயிரும். நானே மொத தடவ அப்படித்தான் மாட்டினேன். களத்துல உருட்டிப் பார்க்கும்போதே கழண்டுச்சு, தப்பிச்சேன்."

நிரஞ்சன் சார் முக்காலி போட்டு வண்டியின் முன்னால் உட்கார்ந்திருந்தார். லைட்டுக்கு நேர் கீழே.

அண்ணன் கேட்டான், "ஏன் பாப்பா முகம் இப்படிப் போயிருச்சு?" பரீட்சை என்றேன்.

டிசம்பர் 10, செவ்வாய்

தமிழ்த் தேர்வு. சுமாராக எழுதினேன். கட்டுரை அன்பைப் பற்றி.

டிசம்பர் 13, வெள்ளி

கார்த்திகை. மழையில் ஒரு விளக்கும் நிற்கவில்லை. அம்மா அண்ணனின் கட்டில் காலருகே ஒன்றை வைத்தாள்.

என்ன வேண்டிக்கொண்டாய் என்று அம்மா கேட்டாள். அண்ணன் நடக்க வேண்டும் என்று சொன்னேன். அதை வேண்டவில்லை. அவர் விழ வேண்டும் என்று வேண்டினேன். அதே சறுக்கில், அதே பாறையில் விழ வேண்டும். விழுந்த பிறகு யாராவது வந்து, குடித்திருந்தார், வாடை அடித்தது என்று சொல்ல வேண்டும். அவர் இல்லை என்று சொல்ல வேண்டும், யாரும் நம்பக் கூடாது. இதைக் கண்ணை மூடிக்கொண்டு தெளிவாக, வரிசையாக வேண்டினேன்.

ஷெட்டில் கிடக்கும் சிவப்பு வண்டியை நேற்றே பார்த்துவிட்டேன். செயின் தொங்குகிறது. லாக் எங்கோ சேற்றில் போய்விட்டது. அது எந்தப் பக்கம் பார்த்திருந்தது என்று இனி யாராலும் சொல்ல முடியாது. நான் பேசினால் என் வார்த்தை ஒரு பக்கம், அவர் வார்த்தை ஒரு பக்கம். அப்பாவின் டிராக்டர் நடுவில்.

டிசம்பர் 17, செவ்வாய்

ஆபீஸ் வழியாகப் போனேன். நிரஞ்சன் சார் கூப்பிட்டு ஒரு சாக்லேட் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன். ஓடையில் போட்டேன். போட்ட பிறகு யாராவது பார்த்தார்களோ என்று வீடு வரை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

டிசம்பர் 21, சனி

அட்டையைக் கொடுக்க மத்தியானம் ஷெட்டுக்குப் போனேன். நிரஞ்சன் சார் பச்சை வண்டிக்குப் புதுச் செயின் மாட்டி முடித்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். அட்டையைச் சுவரில் சாய்த்து வைத்துப் பார்த்து, ரொம்ப அழகு என்றார். போன் வந்தது. பேசிக்கொண்டே வெளியே போனார்.

வண்டியின் முன்னால் குனிந்து பார்த்தேன். முன் வரிசையில், எண்ணெய்ப் பளபளப்பில், புது லாக் இருந்தது. மீன் மேலே பார்த்துக்கொண்டிருந்தது.

முதலில் நம்பவில்லை. சக்கரத்தைக் கொஞ்சம் முன்னால் உருட்டினேன். மீன் வால் பக்கமாகவே கீழே இறங்கியது.

அவருக்குத் தெரியவில்லை. அண்ணனைத் தான்தான் தள்ளிவிட்டோம் என்பதுகூட அவருக்குத் தெரியவில்லை. கை வைத்ததை மறைக்கத்தான் குடி வாடையெல்லாம் சொல்லியிருக்கிறார். எதைத் தப்பாகச் செய்தோம் என்று தெரியாமலேயே அதையே மறுபடி தன் கையால் தனக்கே செய்து வைத்திருக்கிறார். நாளை அதில் ஏறி இறங்கப் போகிறார்.

நான் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. எதையும் கழற்ற வேண்டாம், அறுக்க வேண்டாம். பேசாமல் இருந்தால் போதும். பேசாமல் இருப்பதுதான் எனக்கு நன்றாக வருமே.

அண்ணன் அரைத் தூக்கத்தில் முனகுகிறான். நாளைக்கு இந்நேரம் இன்னொருத்தர் முனகுவார். எழுத்து கோணிக்கொண்டு போகிறது. பயத்தினால் இல்லை என்று எழுத நினைத்தேன்.

டிசம்பர் 22, ஞாயிறு

எல்லாவற்றையும் எழுத வேண்டும். ஒன்றையும் விடக் கூடாது.

காலையில் பனி விலகுவதற்கு முன்பே ஜீப்புகள் வந்துவிட்டன. மேல்காட்டில் சறுக்கு தொடங்கும் இடத்தில் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். பெரிய முதலாளி நடுவில், மப்ளர் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பறிக்கிற பெண்களும் ஆண்களும் சவுக்கு மரங்களின் ஓரமாக நின்றார்கள். எனக்கு டீ கொடுக்கிற வேலை. அப்பாவை மூட்டை கட்டக் கூப்பிட்டிருந்தார்கள்.

நிரஞ்சன் சார் நன்றாகப் பேசினார். என் கையெழுத்தில் இருந்த நிறைகளை ஒவ்வொன்றாகக் காட்டினார். சேறு, மேடு, வேர், இறக்கம் எல்லாம் வந்தது. மீசை நரைத்த ஒரு எஸ்டேட்காரர் குறுக்கே கேட்டார்.

"எல்லாஞ் சரிங்க. இந்தக் காட்டுக்குள்ள ரிப்பேர் ஆச்சுன்னா யாரு பார்க்கிறது?"

"நானேதானுங்க. ஒண்ணும் பெரிய வித்தையில்லை. இந்தச் செயின்கூட நேத்து என் கையால மாத்தினதுதான்."

மரத்தோரம் நின்ற பெண்களில் ஒருத்தி, அப்போ அவரே எறங்கிக் காட்டட்டும் என்று சொல்ல, சிரிப்பு எழுந்தது. அவரும் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. தட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். இதோ ஏறப்போகிறார், இதோ ஏறப்போகிறார் என்று என் காதுக்குள்ளேயே கேட்டது.

அவர் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார்.

"சடையாண்டி, நீ எடுப்பா. மூட்டையோட எறக்கு. நான் கீழ நின்னு வீடியோ எடுக்கறேன். ஏஜென்சிக்கு அனுப்போணும்."

சடையாண்டி என் அப்பா.  லுங்கியை மடித்துக் கட்டினார். தை கடைசிக்குப் பிறகும் வீட்டில் இருக்கலாம் என்று யாராவது சொல்வார்கள் என்ற நினைப்பு அவர் முகத்தில் அப்படியே தெரிந்தது. சீட்டில் காலைப் போட்டார்.

தட்டு என் கையிலிருந்து எப்படி இறங்கியது என்று தெரியவில்லை. டம்ளர்கள் புல்லில் உருண்டன.

"அப்பா, ஏறாதீங்க."

"என்னா தாயி?"

"முன் செயின் லாக் தலைகீழா இருக்கு."

எல்லோரும் திரும்பினார்கள். நிரஞ்சன் சார் சிரித்தபடியே வந்தார். லாக்கின் தலை லைட்டைப் பார்க்க வேண்டும், எந்த மெக்கானிக்கைக் கேட்டாலும் சொல்வான் என்று விருந்தாளிகளுக்கு விளக்கினார். என் குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். அது பின் செயினுக்கு என்றேன். இது நிற்கிற செயின், முன் வரிசை கீழே ஓடும், தலை கீழே பார்க்க வேண்டும் என்றேன்.

"யாரு கண்ணு இதெல்லாம் சொல்லித் தந்தது? குடிகார அண்ணனா?"

அந்த வார்த்தையை அவர் சொல்லியிருக்க வேண்டாம்.

"அண்ணன் குடிக்கல சார். அன்னைக்குச் சிவப்பு வண்டியில இப்படித்தான் மாட்டினீங்க. நான் டிபன் கேரியரோட நின்னேன். உங்கண்ணன்கிட்டச் சொல்லாத, என்னையே எறங்கச் சொல்லுவான்னு சிரிச்சீங்க. மறுநாள் அவன எறங்கவிட்டீங்க."

 அப்பா சீட்டிலிருந்து இறங்கி வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் என்னைப் பார்க்கவில்லை, நிரஞ்சன் சாரைப் பார்த்தார். அப்பா அவர் முகத்தை நேருக்கு நேர் பார்த்து நான் கண்டதில்லை.

சின்னப் பிள்ளை ஏதோ உளறுகிறது என்று நிரஞ்சன் சார் சொல்லத் தொடங்கினார். பெரிய முதலாளி கையை உயர்த்தினார்.

"பிள்ளை சொல்றது இருக்கட்டும் மாப்ள. நேத்து இதுல கை வெச்சது நீங்கதான், இப்ப எல்லாரு முன்னாடியும் சொன்னீங்க. நீங்க எறங்குங்க."

"மாமா, வீடியோ..."

"வீடியோவ நான் எடுக்கிறேன்."

நிரஞ்சன் சார் வண்டிக்கு முன்னால் குனிந்தார். சக்கரத்தைக் கையால் மெல்ல உருட்டினார். வால் முதலாக மீன் கீழே இறங்குவதை அவர் பார்ப்பதை நான் பார்த்தேன். அவர் கழுத்து வியர்த்தது. அந்தப் பனியில்.

"எறங்குங்க சார்" என்றேன்.

மெய்யாகவே அவர் இறங்க வேண்டும் என்றுதான் சொன்னேன். லாக்கைத் திருப்பாமல், அப்படியே, மூட்டையோடு இறங்க வேண்டும். மறுபடியும் சொன்னேன். மூன்றாவது முறை சொல்லும்போது என் குரலோடு ஒரு பெண் குரலும் சேர்ந்துகொண்டது. பார்த்தால் அம்மா.

அவர் நிமிர்ந்தார். கீழே தன் காலைப் பார்த்தார்.

"ஷூ சரியில்லைங்க மாமா. வழுக்கும்."

அவ்வளவுதான். வேறு யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நரைத்த மீசைக்காரர் என் அட்டையை ஒருமுறை பார்த்துவிட்டு ஜீப் பக்கம் நடந்தார். பெரிய முதலாளி மப்ளரை அவிழ்த்து மறுபடி சுற்றிக்கொண்டார். கண்ணைத் தரையிலிருந்து எடுக்கவே இல்லை.

டூல் பையிலிருந்து மூக்குக் குறடை எடுத்து நான்தான் லாக்கைக் கழற்றினேன். அது சின்னத் தகடு, நகத்தளவுதான். திருப்பி மாட்டினேன். டிக் என்று உட்கார்ந்தது. மீன் கீழே பார்த்தது.

அப்பா ஹேண்டிலைப் பிடித்தார். நான் விடவில்லை.

"கை வெச்சது நான்ப்பா."

 வழக்கம் என்னவென்று அப்பாவுக்குத் தெரியும். அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். மூட்டையை மட்டும் அவிழ்த்துக் கீழே போட்டார்.

களத்தில் அண்ணன் எனக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்திருக்கிறான். சறுக்கில் இல்லை. பாவாடையைச் சொருகிக்கொண்டு ஏறினேன். முதல் கியர். கிளட்சை விட்டேன். வண்டி தலையைச் சரிவுக்குள் கவிழ்த்தது. 

நிறை: இஞ்சின் இரண்டு சக்கரத்தையும் பிடித்துக்கொண்டது. நான் பிரேக்கைத் தொடவில்லை. வண்டி கிழட்டு மாடு மாதிரி ஒவ்வொரு அடியாக வைத்தது. அவ்வளவு மெதுவாகப் போனதால் அப்பா பக்கத்திலேயே, செடிகளைப் பிடித்துக்கொண்டு, செருப்பில்லாமல் நடந்துவர முடிந்தது. வண்டியைத் தொடாமல், தொடுகிற தூரத்திலேயே வந்தார். வளைவில் பயந்து கை தானாக முறுக்கப் பார்த்தது. வளையும்போது கைய விட்டுரணும் என்று அண்ணன் குரலில் எனக்கே சொல்லிக்கொண்டு விட்டேன். முன் சக்கரம் திரும்பியது.

அண்ணன் விழுந்த பாறையருகே வந்ததும் அப்பா கண்ணை மூடிக்கொண்டார். நான் மூடவில்லை. பாறையில் சிவப்புப் பெயிண்ட் ஒரு கோடாக இன்னும் இருக்கிறது.

களத்துக்கு வந்து வண்டியை நிறுத்தினேன். இறங்க முடியவில்லை. அப்பா என்னைத் தூக்கி இறக்கினார். ஏழாம் வகுப்புக்குப் பிறகு அவர் என்னைத் தூக்கினதில்லை. நிமிர்ந்து பார்த்தேன். மேலே எல்லோரும் சின்னச் சின்னதாக நின்றார்கள். நிரஞ்சன் சார் மட்டும் இல்லை.

டிசம்பர் 24, செவ்வாய்

நிரஞ்சன் சாரின் கார் நேற்றுக் காலை கோயம்புத்தூர் போய்விட்டது. திரும்பி வருவாரா என்று தெரியவில்லை. ராத்திரி கார் சத்தம் எது கேட்டாலும் எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன்.

பெரிய முதலாளி எங்கள் வீட்டுக்கு வந்தார். உள்ளே வந்து, அண்ணனின் கட்டில் கால்மாட்டில் உட்கார்ந்தார். வீடு காலி செய்ய வேண்டாம் என்றார். வைத்தியத்தை எஸ்டேட் பார்த்துக்கொள்ளும் என்றார். குடி வாடையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அண்ணனும் கேட்கவில்லை. அவர் எழுந்தபோது அப்பா எழுந்து நிற்கவில்லை. அதை அவரும் கவனித்தார்.

லைனில் பேச்சு மாறிவிட்டது. கூடை தூக்கச் சுணங்குகிற யாரையும் இப்போது ஷூ வழுக்குதா என்று கேட்கிறார்கள். கேட்டுவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள். அவர் திரும்பி வந்தாலும் இந்த எஸ்டேட்டில் அந்தச் சிரிப்பு இருக்கும். நான் செத்த பிறகும் இருக்கட்டும்.

பன்னிச் சறுக்கில் இறங்கிய முதல் பொம்பளை நான்தான் என்று அண்ணன் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறான். என் தங்கச்சிக்கு எவ்வளவு தைரியம், அப்பாவுக்காக என்ன மாதிரிப் பேசினாள் என்று சொல்கிறான். அம்மா கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள். நான் பாத்திரம் துலக்கப் போய்விடுகிறேன்.

அவன் கேட்காத ஒன்று இருக்கிறது. லாக் தலைகீழாக இருப்பது எனக்கு எப்போது தெரியும் என்று அவன் இதுவரை கேட்கவில்லை. அந்த நிமிஷம்தான் கண்ணில் பட்டது என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

போனில் சார்ஜ் தீரப் போகிறது. இதை எழுதிவிட்டு அணைக்கிறேன். அன்றைக்கு அப்பாவை ஏறச் சொல்லாமல் நிரஞ்சன் சாரே ஏறியிருந்தால், நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன். டீத் தட்டைப் பிடித்துக்கொண்டு, டம்ளர்களில் ஆவி அடங்குவதைப் பார்த்தபடி நின்றிருப்பேன்.